வலது கண்மலர்

வெள்ளியைத் துலக்க விபூதியைவிட நல்ல பொடி கிடையாது, மேடம். பல வீடுகளில் புளி போட்டுத் தேய்க்கிறார்கள். புளி பித்தளைக்கு. வெள்ளிக்குக் கொஞ்சம் ஈர விபூதி, ஒரு பழந்துணி, பத்து நிமிடப் பொறுமை, அவ்வளவுதான். உங்கள் மேசைமேல் இருக்கிற பிள்ளையாரைப் பார்த்ததும் சொல்லத் தோன்றியது. காதோரம் கறுத்திருக்கிறார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பன்னிரண்டு வருடம் கெமிஸ்ட்ரி பாடம் எடுத்த வாய் சும்மா இருக்காது.

என் பெயர் முத்துகிருஷ்ணன். ஊர் கருவேலம்பட்டு, இங்கே உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம். அப்பா சின்னராசு, எங்கள் ஊர் ஏரிக்கரைக் கன்னியம்மன் கோயிலுக்குத் தர்மகர்த்தாவாக இருந்தவர். போன ஆவணியில் காலமானார். நான் வந்தது உங்கள் ஸ்டேஷன் பதிவேட்டில் ஒரு பழைய பிழையைத் திருத்த. இரண்டாயிரத்து ஒன்று, பங்குனி மாதம். பச்சையம்மாள், இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவள், 'கண் தெரியாமல் கிணற்றில் தவறி விழுந்து இறந்தாள்' என்று இருக்கும். நீங்கள் எடுத்துப் பார்க்கும் வரை காத்திருக்கிறேன். எனக்கு அவசரம் இல்லை.

இருக்கிறதா? நல்லது. அந்த வரியில் பாதி சரி.

முதலில் கொஞ்சம் பாடம் சொல்ல வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் உங்களுக்கும் ஏதோ சாமி காரியம் போலத்தான் தோன்றும். கந்தகம் தங்கத்தையும் வெள்ளியையும் கண்டால் விடாது. ஒரு முனையில் கந்தகமும் பின்னால் நீண்ட வாலும் உள்ள மூலக்கூறுகள் சில உண்டு. அவற்றைச் சாராயத்தில் கரைத்து, சுத்தமான தங்கத் தகட்டை உள்ளே போட்டால், கந்தக முனை தங்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், வால் மேலே நிற்கும். சேற்றில் நாற்று நட்டதுபோல வரிசையாக நிற்கும். அப்படி நின்றுவிட்டால் அந்தத் தகட்டின்மேல் தண்ணீர் ஒட்டாது, சேப்பங்கிழங்கு இலைமேல் நிற்பதுபோல முத்தாக நிற்கும். தங்கத்தின் நிறம் மட்டும் மாறவே மாறாது. பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. வெள்ளி அப்படியில்லை. கந்தகம் அதைத் தின்றுவிடும், கறுப்பாகிவிடும்.

இதுதான் சென்னையில் ஐந்து வருடம் நான் செய்த ஆராய்ச்சி. தண்ணீர்த் துளி தங்கத்தின்மேல் நூற்றுப்பத்து பாகைக்கு எழுந்து நிற்க வேண்டும். என் துளிகள் எண்பதைத் தாண்டவில்லை. நோட்டில் நூற்றுப்பத்து என்று எழுதினேன். வரவேண்டியது அதுதான் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் அது பொய் என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை. என் கைடு அதையே இன்னொரு மாணவனை வைத்துச் செய்து பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "ஊருக்குப் போப்பா. நெஜமா வந்தா எடுத்துக்கிட்டு வா" என்றார். நாலு பேர் முன்னால் சொன்னார். அந்தக் கந்தக மருந்துக் குப்பி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் வேலை கிடைத்தது.

குற்றம் என் கையில் இல்லை, அவர்கள் கொடுத்த தங்கத்தில்தான் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். நல்ல தங்கம், செம்பு கலக்காதது, தட்டையானது வேண்டும். நகைத் தங்கம் உதவாது. எங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்தது. அம்மனின் நெற்றிப்பட்டை. இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளம், அடித்துத் தட்டிய பழைய தங்கம். என் கொள்ளுத்தாத்தா செய்து போட்டது. பங்குனித் திருவிழா ஒரு நாளைக்குத்தான் அதைச் சாத்துவார்கள், மற்ற நாளெல்லாம் கருவறைப் பெட்டியில் இருக்கும். சாவி எங்கள் வீட்டில் ஆணியில் தொங்கும்.

தை மாதம் ஒரு மாலை போய் எடுத்துவந்தேன். பங்குனிக்குள் வைத்துவிடுவதாகத்தான் எண்ணம். நான்கு விதமாக ஊறவைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரே தகட்டை எப்படி நான்கு குவளையில் ஊறவைப்பது? வெட்டினேன். வெட்டும்போது மனசு கொஞ்சம் சங்கடப்பட்டது, மறைக்கவில்லை.

மாசியில் ராஜகுளத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. குழந்தைக்குக் கண் நோய் தீர்ந்ததாம். பட்டை சாத்தி ஒரு அலங்காரம் செய்யவேண்டும் என்று வேண்டுதல். பூசாரி பெட்டியைத் திறந்தார். அவர் அலறியது எங்கள் வீட்டுக்குக் கேட்டது.

கோயிலுக்குள் போய்வருகிறவர்கள் மூன்று தரப்புதான். பூசாரி, எங்கள் வீட்டு ஆட்கள், பச்சையம்மாள். கன்னியம்மன் அவர்களுக்கும் குலசாமி. பொங்கலுக்கு முதல் பானை வைப்பது அவர்கள் வழக்கம், கோயிலைப் பெருக்கி மாலை விளக்கு வைப்பது பச்சையம்மாள் வேலை. எங்கள் வீட்டை யாரும் கேட்கவில்லை. ஊர் மரியாதை அப்படி.

மறுநாள் எங்கள் வேர்க்கடலை நிலத்துக்கு அவளே வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "சார், தை மாசம் நான் வெளக்கு வெக்க வந்தப்போ, நீ நெத்திப்பட்டைய மடியில கட்டிக்கினு போனத பாத்தேன். உங்க வூட்டு நகதானே, எதுக்கோ எட்த்துக்கினு போறாருன்னு வுட்டுட்டேன். இப்ப பூசாரி மேல பழி வுழுது. பாவம், புள்ளகுட்டிக்காரன். திருப்பி வெச்சிடு சார். நான் யாராண்டயும் வாய தொறக்கமாட்டேன்."

நல்ல பெண், மேடம். அதை நான் எங்கேயும் சொல்வேன். "சரி பச்ச, வெச்சிடறேன்" என்றேன். அவள் போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். நான்கு துண்டாகிவிட்டதை எப்படி வைப்பது? பூசாரியைப் போலீசில் கொடுத்தால் அவள் வாய் திறப்பாள். திறந்தால் அப்பா உயிரோடு இருக்கமாட்டார். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் என் முதுகுக்குப் பின்னால் சிரிக்கும். ஒருமுறை நாலு பேர் முன்னால் தலைகுனிந்தவனுக்குத்தான் அது எவ்வளவு நேரம் வலிக்கும் என்று தெரியும்.

எங்கள் ஊரில் ஒரு பழைய வழக்கம் உண்டு, கண் பிடிப்பது என்பார்கள். அம்மனுக்கு வெள்ளியில் இரண்டு கண்மலர். களவு போய் சாட்சி இல்லாவிட்டால், சந்தேகப்பட்டவர்கள் மஞ்சள் தண்ணீரில் மூன்று தரம் கை கழுவிக்கொண்டு, உச்சி வேளையில் கண்மலரை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு உட்கார வேண்டும். புளியமரத்து நிழல் பலிபீடத்தைத் தொட்டதும் கையைத் திறக்க வேண்டும். கண் வெள்ளையாக இருந்தால் குற்றமில்லை. கறுத்திருந்தால் அவர்தான். அப்பா வாலிபராக இருந்தபோது நடந்ததாம், அதற்குப் பிறகு இல்லை. அப்பாவுக்கு அதை நினைவூட்டியது நான்தான்.

பூசாரி கை சாமிக்கு அபிஷேகம் செய்கிற கை, அதைச் சோதிக்கக்கூடாது என்றேன். எங்கள் வீட்டு சார்பில் நானே பிடிக்கிறேன் என்றேன். ஊர் அசந்துவிட்டது. தர்மகர்த்தா மகன், படித்தவன், தானே கையை நீட்டுகிறான் என்று பேசிக்கொண்டார்கள். இடது கண் எனக்கு, வலது கண் பச்சையம்மாளுக்கு என்று முடிவானது. அவளும் உடனே ஒத்துக்கொண்டாள். அவளுக்கு என்ன பயம்? திருடினவன் யார் என்று அவளுக்குத் தெரியுமே.

வெள்ளிக்கிழமை சோதனை. அதற்கு நாலு நாள் இருந்தது. வேர்க்கடலை இலையில் புள்ளி விழுந்திருந்தது. அதற்குக் கந்தகத்தூள் தூவ வேண்டும். எல்லோரும் துணிப் பையில் போட்டு உதறுவார்கள். பச்சையம்மாளையும் அவள் மகள் மீனாவையும் கூலிக்குக் கூப்பிட்டு, "பையில வேணாம், கையாலயே தூவு, சீரா வுழும்" என்றேன். மூன்று நாள் தூவினார்கள். சோதனை நாள் காலையிலும் அரைக் காணி மிச்சம் வைத்திருந்தேன். காப்புக் காய்த்த கை அவளுடையது. வெடிப்பிலும் நகக்கண்ணிலும் மஞ்சள் ஏறியிருந்தது. கந்தகம் தண்ணீரில் கரையாது, மேடம். மூன்று தரம் கழுவினாலும் முப்பது தரம் கழுவினாலும் போகாது. போதாததற்கு மஞ்சள் தண்ணீரில் மஞ்சள் தூள் யார் கண்ணுக்குத் தெரியும்?

அதற்கு முன் என் மனைவியின் வெள்ளிக் குங்குமச் சிமிழ் மூடியை வைத்துச் செய்து பார்த்துவிட்டேன். ஈரக் கையில் ஒரு மணி நேரத்தில் மஞ்சள், இரண்டில் பழுப்பு, மூன்றாவதில் கறுப்பு. புளியமர நிழலுக்கு மூன்று மணி நேரம் ஆகும், அதையும் குறித்துவைத்தேன். கண்மலரைத் துலக்கிக் கொடுத்ததும் நானே. விபூதி போட்டுத் தேய்த்தால் புது வெள்ளி மேலே வரும், கந்தகம் சுலபமாகப் பற்றும். என் கையைப் பொறுத்தவரை, இரண்டு நாள் முட்டை, வெங்காயம் தொடவில்லை. சோப்பு போட்டு நகம் வெட்டினேன். ஆய்வுக்கூடத்தில்கூட நான் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்ததில்லை.

ஊரே வந்திருந்தது. அவளும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். மாசி வெயில், நன்றாக வியர்த்தது. வியர்வையும் நல்லதுதான். கொஞ்ச நேரம் போனதும் அவள் தலையைக் குனிந்துகொண்டு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"சார், இப்பவாச்சும் எழுந்து சொல்லிடு. கண்ணு கறுத்துச்சின்னா ஊரு முன்னாடி உனக்குத்தான் அசிங்கம். உங்க நைனா தாங்கமாட்டாரு."

"ஒனக்கு எதுக்கு அந்தக் கவல? கைய இறுக்கி மூடு" என்றேன்.

மூடினாள். எனக்காகத்தான் அவள் வேண்டிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன், உதடு அசைந்துகொண்டே இருந்தது.

நிழல் தொட்டதும் முதலில் என் கையைத் திறந்தேன். வெள்ளை. பெண்கள் குலவையிட்டார்கள். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், தன் கையைத் திறக்க மறந்துவிட்டாள். பூசாரிதான் அவள் விரலைப் பிரித்தார். பால் தீய்ந்த சட்டியின் அடிபோல இருந்தது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நீலம் ஓடியிருந்தது, பார்க்க அழகாகத்தான் இருந்தது.

நான் பயந்தது ஒன்றுக்குத்தான். இப்போது அவள் வாய் திறப்பாள், 'இவர்தான் எடுத்தார்' என்பாள். யாரும் நம்பமாட்டார்கள், ஆனாலும் பேச்சு பேச்சுதானே. அவள் அப்படிச் செய்யவில்லை. என் காலில் விழுந்தாள்.

"என்னாண்டதான் தப்பு கீது சார். உன்ன திருடன்னு நெனச்சிட்டேன். நான் பாத்தது பொய்யி. அதான் ஆத்தா என் கையில கறுத்துக் காட்டிட்டா. மன்னிச்சிடு சார்."

அவள் என்ன சொல்கிறாள் என்று கூட்டத்துக்கு விளங்கவில்லை, குற்றத்தை ஒத்துக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு விளங்கியது. வெள்ளி பொய் சொல்லாது என்று அவள் நம்பினாள், அதனால் தன் கண்தான் பொய் சொன்னது என்று முடிவுகட்டிவிட்டாள். ஒரு அனுமானம் எவ்வளவு சுத்தமாகச் செய்யப்பட்டிருக்கிறது பாருங்கள். நான் மன்னித்தேன். எல்லோர் காதிலும் விழும்படி "மன்னிச்சிட்டேன், எழுந்திரு" என்றேன். அடிக்கக் கை ஓங்கினவர்களையும் தடுத்தேன். அடி விழவில்லை. இருளர் குடிசைகள் நாலையும் பிரித்துப்போட்டார்கள், முதல் பானை உரிமை போனது, ஊர் வேலை கிடையாது என்றார்கள். ஏரியின் அந்தக் கோடிக்குப் போய்ப் பனையோலை கட்டிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் அவள் தன் இரண்டு கண்ணிலும் எருக்கம்பால் ஊற்றிக்கொண்டாள். பொய் பார்த்த கண் எதற்கு என்றாளாம். மீனா தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். பார்வை திரும்பவில்லை. கேள்விப்பட்டபோது எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? உண்மை. அன்று இரவு மட்டும்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டியது. பங்குனி பிறந்து ஒரு காலை, பத்து மணி இருக்கும், நிலத்தில் மோட்டார் போட்டுவிட்டு நின்றிருந்தேன். ஒரு மூங்கில் கோலைத் தட்டிக்கொண்டு வரப்பில் அவள் வந்தாள்.

"சார் கீறியா?"

"கீறேன். யார்கூட வந்த?"

"தனியாத்தான். வரப்பு என் காலுக்குத் தெரியும்." மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். "ஒண்ணு கேக்கணும் சார். மீனா கொலுசு கறுத்துப்பூட்ச்சாம். ரெண்டு காலும். அவ சாமி கண்ண தொடல, பொய்யும் சொல்லல. என்கூட அந்த மஞ்சப் பொடி தூவினா, அவ்ளோதான். அந்தப் பொடி பட்டா வெள்ளி கறுக்குமா சார்? நீ பட்ச்சவன், உனக்குத் தெரியும். கறுக்கும்னா, அன்னிக்கி என் கையில... அப்ப நான் பாத்தது..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.

எனக்குக் கோபம் வரவில்லை, மேடம். பொறாமை வந்தது. குப்பி இல்லை, நோட்டு இல்லை, எழுத்துகூடத் தெரியாது, கண்ணும் போய்விட்டது. ஒரு கொலுசை வைத்துக்கொண்டு சரியான இடத்துக்கு வந்து நிற்கிறாள். ஐந்து வருடத்தில் என்னிடம் ஒருவர்கூட இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை. "ஆமாம், கறுக்கும்" என்று சொல்லிவிட வாய்வரை வந்தது. ஒரு நல்ல மாணவிக்குப் பதில் சொல்லாமல் இருப்பது ஆசிரியனுக்குக் கஷ்டம்.

"வேற யாராண்ட கேட்ட?" என்றேன்.

"யாராண்டயும் கேக்கல. மீனாவாண்டகூட சொல்லல. உன்ன கேட்டுக்கினு அப்பால பேசலாம்னு வந்தேன்."

"நல்லது. வா, மொதல்ல மூஞ்ச கழுவிக்கோ, தண்ணி ஓடிக்கினு கீது. உக்காந்து பேசலாம்."

எங்கள் கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் கிடையாது. நாற்பது அடி. மோட்டார் சத்தத்தில் பக்கத்து நிலத்துக்கு எதுவும் கேட்காது. கோலை நீட்டினாள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். விளிம்புக்கு வந்ததும் நான் ஓரமாக விலகி நின்று, "நேரா வா, இன்னும் ரெண்டு அடி" என்றேன். நம்பிக்கையோடு வைத்தாள், அந்த இரண்டாவது அடியை. பிறகு கோலை விட்டுவிட்டேன்.

உங்கள் பதிவேட்டில் இல்லாதது அது ஒன்றுதான். கோலின் மறுமுனையில் நான் இருந்தேன்.

ஏழு வருடம் கழித்து ஏன் வந்தேன் என்று கேட்பீர்கள். போன மாதம் எங்கள் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது, நீங்களே பந்தோபஸ்துக்கு வந்திருந்தீர்கள். அந்த வலது கண்ணைத் துலக்காமல் அப்படியே கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். தென்னேரி, திருமுக்கூடல் பக்கமிருந்தெல்லாம் வேன் வைத்துக்கொண்டு ஜனம் வருகிறது. திருடியின் கையில் அம்மன் கண் கறுத்த கதையை மைக்கில் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் மீனாவும் வருகிறாள். பெட்டி முன்னால் நின்று தன் தாய்க்காக மன்னிப்புக் கேட்டு அழுகிறாள். கொலுசு கறுத்ததைத் தன் கண்ணால் பார்த்தவள் அவள்தான். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. தாய்க்கு இருந்த மூளை மகளுக்கு இல்லை.

எனக்கு அதைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. இது மூடநம்பிக்கை. படித்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் நாடு எப்படி உருப்படும்? அதற்காகத்தான் வந்தேன். அம்மன் ஒன்றும் செய்யவில்லை, மேடம். அத்தனையும் என் வேலை.

இந்தக் குப்பியில் நெற்றிப்பட்டைத் துண்டுகள் நான்கும் இருக்கின்றன, சாட்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மேலே தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டாம். பரவிவிடும். அதுவும் வரவில்லை. ஆனால் கண்மலர் சோதனையை நான் சொன்னபடி யார் செய்தாலும், எங்கே செய்தாலும், எத்தனை தரம் செய்தாலும் வரும். அதனால் செய்முறையில் ஒரு வரிகூட விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் என்பது முக்கியம்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? பெயருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி., எம்.ஃபில். என்று போடுங்கள். டாக்டர் என்று போட வேண்டாம். இதை எங்கள் கைடுக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டு, அவர் என்ன சொல்கிறார் என்று பார்க்கலாம்.